கோப்புகள் குடிபெயரும்போது



எங்கள் வெண்ணந்தூர் நெசவுத் தொழில் வேரூன்றிய ஊர். தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் நெசவாளர் அதை அறுத்தெறிந்து விடுவதில்லை. பழைய பாவின் நுனியைத் தறியிலேயே நிறுத்திவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கிறார். புதிய இழைகள் அச்சைக் கடந்து ஒழுங்காக வந்து சேரும் வரையில் பழைய நுனியை அவர் விடுவதில்லை. பழைய மடிக்கணினியிலுள்ள கோப்புகளைப் புதிய மடிக்கணினிக்குக் கேபிள் வழியாக மாற்றுவதும் இத்தகைய வேலையே. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குமுன் கணினியே நுழைந்திராத எத்தனையோ வீடுகளுக்கு அது முதற்கணினி ஆயிற்று. அவற்றில் பலவற்றில் இருந்த விண்டோஸ் 7 மென்பொருளுக்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றது. பின்னர் வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவான ஆதரவு முடிந்தது. ஆகவே, பழையதை விட்டுப் புதியதற்கு மாறவேண்டிய காலம் பல வீடுகளில் வந்திருக்கிறது. பழைய பெட்டியில் இருப்பவை பாடக் குறிப்புகள் மட்டும் அல்ல. மறைந்துபோன பெரியவர்களின் நிழற்படங்களும் குரல்களும் அதில் இருக்கக்கூடும்.

இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைப்பதில் முதலில் ஓர் எச்சரிக்கை. இருபுறமும் ஒரே வகையான தட்டை முனை கொண்ட சாதாரண யூ.எஸ்.பி. கேபிளை இரண்டு கணினிகளுக்கு இடையே செருகுதல் கூடாது. அந்தத் துளை ஒவ்வொன்றும் 5 வோல்ட் மின்சாரத்தை வெளியே கொடுப்பது. கொடுப்பவர் இருவரும் எதிரெதிரே நின்றால் வாங்குபவர் யார்? கருவி கெட்டுப்போகவும் கூடும். யூ.எஸ்.பி. வழியாகவே இணைக்க விரும்பினால், நடுவில் சிறு மின்னணுச் சில்லு பொருத்திய, இதற்கென்றே செய்யப்பட்ட கேபிளை வாங்குதல் வேண்டும்.

இதைவிட எளிய வழி, அலுவலகங்களில் காணும் லேன் கேபிள். அதனுள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். முற்காலக் கணினிகளை நேருக்கு நேர் இணைக்கக் கம்பிகளை இடம்மாற்றிக் கட்டிய தனிக் கேபிள் தேவைப்பட்டது. இக்காலக் கருவிகள் அந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. புதிய கணினியில் லேன் துளை இல்லையெனில், அதற்கான சிறு இணைப்பியைச் செருகிக்கொள்ளலாம். பழைய கணினியில் வேண்டிய கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்து, புதிய கணினியிலிருந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லையெனில் ஒன்றுக்கு 192.168.1.1 என்றும், மற்றொன்றுக்கு 192.168.1.2 என்றும் முகவரி கொடுங்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவு எண்களைப் போன்றவை அவை. இதற்கு இணையத் தொடர்பு சிறிதும் தேவையில்லை. வேலை முடிந்ததும் பகிர்வை மூடிவிட மறவாதீர்கள்.

இனி ஒரு கணக்கு. 40 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பழைய கணினியின் லேன் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட், மொத்தம் 3,200 நொடி, அதாவது 53 நிமிடத்திற்குச் சற்று மேல். வேகம் 1,000 மெகாபிட்டாக இருந்தால் 320 நொடி போதும். நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். இரு கணினிகளில் எது மெதுவானதோ, அதன் வேகமே இருவருக்கும் வேகம்.

மாற்றும்போது 'வெட்டி ஒட்டுதல்' வேண்டா; 'நகலெடுத்து ஒட்டுதல்' செய்க. இடையே மின்சாரம் நின்றாலும் மூலம் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். நகல் முடிந்தபின், இருபுறத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அவை ஒத்திருந்தால் வேலை முடிந்ததா? இல்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியில் 2003-ஆம் ஆண்டளவில் மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதிய கட்டுரைகளைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். குழித்தறியில் நெய்த நாட்கள், நூலுக்குச் சாயம் தோய்த்த முறை, மழை பொய்த்த ஆண்டுகளில் உண்ட உணவு என்று பல செய்திகள் அவற்றில் இருந்தன. சொன்ன முதியோரில் பெரும்பாலோர் இன்று இல்லை. அக்கோப்புகளை என் பழைய மடிக்கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியபோது எண்ணிக்கை சரியாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஐரோப்பிய எழுத்துகளும் விளங்காக் குறிகளுமே வரிசையாக நின்றன.

காரணம் இதுதான். அக்காலத்து எழுத்துருக்கள் 256 இடங்களே கொண்ட அட்டவணையில், பிறமொழி எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளைத் தரமாக அறிவித்த பின்னரும் பழைய பழக்கங்கள் நீடித்தன. கோப்பில் இருப்பவை வெறும் எண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. அந்த எழுத்துருவோ நம் கோப்புறையில் இராமல், விண்டோஸின் எழுத்துருக்களுக்குரிய தனி உறையில் இருந்தது. கோப்புகள் குடிபெயர்ந்தன, எழுத்துரு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

பழைய கணினியை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்த எழுத்துருவையும் கொண்டுவர முடிந்தது. பிறகு, குறியீட்டை மாற்றித்தரும் மென்பொருளால் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றினேன். யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 'அ' என்ற எழுத்துக்கு எந்நாட்டிலும் எக்கருவியிலும் 2949 என்பதே எண். 2010-இல் தமிழக அரசும் அம்முறையை ஏற்றுக்கொண்டது. மாற்றிய பின்னும் ஒவ்வொரு கட்டுரையையும் மூலத்தோடு ஒப்புநோக்கினேன். தட்டச்சு செய்தோர் ரகரத்திற்குப் பதிலாகக் கால் குறியை இட்டிருந்த இடங்கள் பல இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கோ அவை வேறு வேறு. திருத்தாமல் விட்டால், 'மரம்' என்று தேடுவோருக்கு மரம் கிடைக்காது.

இந்தக் குழப்பம் நம் மொழிக்குப் புதியதும் அன்று. பழைய ஓலைச்சுவடிகளில் ரகரமும் காலும் ஒரே வடிவில் இருந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, ஆராய்ந்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஓலையில் இருந்ததை அப்படியே காகிதத்தில் படியெடுப்பதோடு அவர் நின்றிருந்தால் நூல் நம் கைக்கு வந்திருக்கும், பொருள் வந்திருக்குமா?

மாணவ அன்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ மூடிக்கிடக்கும் பழைய மடிக்கணினியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ளதைக் கேபிள் வழியாக மாற்றுங்கள். எண்ணிப் பாருங்கள், அளந்து பாருங்கள், முடிவாகத் திறந்து படித்துப் பாருங்கள். படங்களில் இருப்போர் யாரென்று தெரிந்த பெரியவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள். அதன்பின் பழைய பெட்டிக்கு விடை கொடுக்கலாம். பெயர் சொல்லக் கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்வது நலம்.