மனச்சோர்வும் யோகப்பயிற்சியும்
(வடலூரில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகத்திற் சுரம் கண்டால் அயல்வீட்டார் அறிய வைத்தியரை அழைக்கின்றோம். மனத்திற்கு நோய் கண்டாலோ கதவைச் சார்த்திக்கொள்கின்றோம். பெண்ணுக்கு வரன் அமையாதே, குடும்பத்திற்கு இழுக்காகுமே என்று அஞ்சுகின்றோம். இவ்வச்சம் நோயினும் கொடிது. ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

மனச்சோர்வு என்பது ஒருநாள் துக்கமன்று. ஊக்கமின்மை, உறக்கக்கேடு, உணவில் வெறுப்பு, தன்னையே இகழ்தல், வாழ்வில் நம்பிக்கையறுதல் ஆகியன 2 வாரத்திற்கு மேலும் நீடிப்பின், அது வைத்தியம் வேண்டும் நோயெனக் கொள்ளத்தக்கது. அது சோம்பலன்று, செய்வினையன்று, குலதோஷமுமன்று.

இதற்கு யோகம் உதவுமோ எனின், உதவும். மனம் சிதறுங்கால் துக்கமும், மனத்தளர்ச்சியும், அங்க நடுக்கமும், மூச்சின் தடுமாற்றமும் உடன்தோன்றும் என்பது பதஞ்சலி முனிவரின் யோகசூத்திரக் கருத்து. மனமும் மூச்சும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. மூச்சை மெல்ல நீட்டி விடுங்கால் இருதயத்துடிப்புத் தணிந்து பதற்றம் அடங்குதலை இக்கால வைத்தியரும் ஒப்புவர்.

ஆயினும், எவ்வளவு உதவும் என்பதை அளந்தறிதல் வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து வைத்தியர்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கடுஞ்சோர்வுற்ற 45 பேரைப் பதினைவராக மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சுதர்சன கிரியை என்னும் மூச்சுப்பயிற்சியும், மற்றொன்றிற்கு இமிப்ரமின் மருந்தும், பிறிதொன்றிற்கு மின்சாரச் சிகிச்சையும் அளித்தனர். 4 வாரத்தில் நோய் தணிந்தோர் முறையே நூற்றுக்கு 67, 73, 93 பேர். மூச்சுப்பயிற்சி வீணன்று என்பதும், அதுவே எல்லாவற்றிலும் சிறந்ததன்று என்பதும் இதனால் விளங்கும். சிறு தொகையினரிடம் கண்டதாதலின் முடிந்த முடிபாகவும் கொள்ளலாகாது.

ஆதலின் யோகத்தைத் துணையாகக் கொள்ளுங்கள். மருந்தை எறிந்துவிட்டுக் கொள்ளாதீர்கள். மருந்தைத் திடீரென நிறுத்துவதால் நோய் மீளக்கூடும். மிகுகிளர்ச்சி நோயுடையோர் வேகமான மூச்சுப்பயிற்சியை வைத்தியரைக் கேளாமற் செய்தலாகாது.

இராமலிங்க அடிகள் 1867-இல் இவ்வூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, சாதிசமய பேதமின்றிப் பசித்தோர்க்கு உணவளிக்கச் செய்தார். பசித்து வந்தவனை "ஏன் பசித்தாய்?" என்று எவரும் இகழ்வதில்லை. மனம் நொந்து வந்தவனை மட்டும் நாம் இகழலாமோ?

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இரண்டு. மனநோய்க்கு வைத்தியம் பெற்றதைச் சம்பந்தம் பேசுமிடத்துக் குறையாகக் கருதாதீர்கள். தளர்ந்தவரைத் தனித்திருக்க விடாது, உடனிருந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவாயினும் பகலாயினும் 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசி எண்ணிற் பேசலாம். 2022 முதல் அரசினர் இதனைக் கட்டணமின்றி நடத்துகின்றனர்.

காலையில் அரைமணி ஆசனமும் மூச்சுப்பயிற்சியும், வேளைக்கு மருந்தும், வீட்டாரின் இன்சொல்லும் ஒருங்கே கிட்டின் சோர்ந்த மனம் தளிர்க்கும். இம்மூன்றனுள் கடைசியது நம் கையில் உள்ளது. அதனைக் குறைவறக் கொடுப்போமாக.