‘கத்தீவோ’ என்னும் ஒரு சொல்



ஒரு சொல்லின் பிறப்பைத் தேடுவது, ஓர் ஊரின் பழைய நிலப்பத்திரத்தைப் புரட்டுவது போன்றது. எவர் கையிலிருந்து எவர் கைக்கு எது மாறிற்று என்பது அங்கே தெரிந்துவிடும். இன்று நாம் இத்தாலிய மொழியில் நாள்தோறும் வழங்கும் ஒரு பெயரடையை எடுத்துக்கொள்வோம்.

‘கத்தீவோ’ என்பது அச்சொல். கெட்ட, தீய என்பன அதன் பொருள். மழையும் காற்றுமாக இருந்தால் ‘கத்தீவோ தெம்போ’ என்பர். அடம்பிடிக்கும் சிறுவனைத் தாய் ‘கத்தீவோ’ என்று கடிந்துகொள்வாள். சிறுமியாயின் ‘கத்தீவா’ என்பாள். நிற்கும் இடத்தாலும் இதன் பொருள் வேறுபடும். மருத்துவர் என்னும் பெயருக்கு முன்னே வந்தால் தொழில் அறியாதவர் என்றும், பின்னே வந்தால் இரக்கமற்றவர் என்றும் கொள்வர். ஆசிரியருக்கும் இதே கணக்குத்தான். நாமும் அதற்கு விலக்கல்லர்!

இச்சொல்லின் தாய், இலத்தீன் மொழியின் ‘காப்தீவுஸ்’. பற்றுதல், பிடித்தல் என்று பொருள்படும் ‘காபெரெ’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. போரிலே பிடிபட்டவனைக் குறித்தது. உரோமர் தம்மிடம் தோற்றோரைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றனர். பிடிபட்டவன் செய்த குற்றம் யாது? தோற்றதொன்றே. அங்ஙனமிருக்க, அவன் எவ்வாறு கெட்டவன் ஆனான்?

கிறித்தவ சமயம் பரவிய காலத்து இலத்தீனில், பாவத்தில் வீழ்ந்தவனைச் ‘சாத்தானின் கைதி’ என்று குறித்தனர். நாளடைவில் சாத்தானின் பெயர் உதிர்ந்தது. ‘கைதி’ என்னும் சொல் மட்டுமே தீயவனைக் குறிக்கலாயிற்று. மொழிநூலார் பெரிதும் ஏற்கும் விளக்கம் இது. ஆயினும் சமயச் சொற்றொடர் ஒன்றினாலேயே இது நேர்ந்தது என்று நாம் கருதவில்லை. விலங்கு பூண்டு, பட்டினி கிடந்து நிற்பவனை இழிந்தவனாகப் பார்க்கும் கண் முன்பே இருந்திருத்தல் வேண்டும். பிரெஞ்சு மொழியில் இதே சொல் ‘ஷெத்தீஃப்’ என்றாகி, மெலிந்தவன், நோஞ்சான் என்று பொருள்படுகிறது. அங்கே சாத்தானைக் காணோம், பசிதான் தெரிகிறது. ஸ்பானிய மொழியின் ‘கௌதீவோ’வோ இன்றளவும் கைதியையே குறிக்கிறது.

பொருள் மாறிக்கொண்டிருந்த காலத்தைத் தாந்தேயின் (1265–1321) பெருங்காப்பியத்திலேயே காணலாம். நரகப் பகுதியின் 3ஆம் காண்டத்தில், பழியும் புகழுமின்றி வாழ்ந்த கோழைகளை அவர் இச்சொல்லால் இகழ்கிறார். அதே பகுதியின் 30ஆம் காண்டத்தில், நாடிழந்து, மக்களை இழந்து, கிரேக்கரிடம் சிறைப்பட்ட திராய் நகரத்து அரசி எக்குபாவுக்கும் இதே சொல்லை ஆள்கிறார். அவளை அவர் இகழவில்லை. அங்கே பழைய பொருளே நிற்கிறது. இக்கால இத்தாலியர் கைதிக்கு வேறு சொல் வைத்துக்கொண்டனர். எனினும் சிறைப்பட்ட நிலையைக் குறிக்கும் ‘கத்திவித்தா’வும், கொடுமையைக் குறிக்கும் ‘கத்திவேரியா’வும் அவர்தம் அகராதியில் அருகருகே உள்ளன.

இவ்வாறு தாழ்ந்த சொல் இஃதொன்றன்று. ‘வில்லா’ என்றால் பண்ணை. ‘வில்லானோ’ பண்ணையில் உழைத்த குடியானவன். இன்று அச்சொல்லுக்கு நாகரிகம் அற்றவன் என்று பொருள். ஆங்கிலத்தின் வழியே நம் திரைப்படங்களுக்கு வந்து சேர்ந்த ‘வில்லன்’ இவனுக்கு உறவினனே. உழுதவன் பெயர் வஞ்சகன் பெயராயிற்று.

இத்தாலிய அகராதியில் ‘பாரியா’ என்றொரு சொல்லும் உண்டு. சமுதாயத்தால் விலக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள் எழுதியுள்ளனர். அது இலத்தீனில் பிறந்ததன்று. நம் தமிழிலிருந்து சென்றது. பறையை அடியாகக் கொண்ட மக்கட்பெயரைக் கடல் வழி வந்த ஐரோப்பியர் கேட்டு, தம் மொழிகளுக்குக் கொண்டுபோயினர். பறையின் ஒலி மட்டும் அப்பொருளில் இல்லை.