கையெழுத்திட்ட பேனா

(விழுப்புரம், திண்டிவனம் பொதுக்கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



தலைவர்கள் சட்டத்தில் கையெழுத்திட்ட பேனாக்களைத் தேடிச் சேர்த்து வைப்பது நல்ல காரியந்தானே என்று சில தோழர்கள் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இன்ன வருஷம், இன்ன சட்டம் என்று சீட்டு ஒட்டினால் அது சரித்திரம். சந்தனப் பொட்டு வைத்தால் அது சரஸ்வதி பூஜை. நம் ஜனங்கள் எதைச் செய்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1964-ல் ஜனாதிபதி ஜான்சன், கறுப்பு மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட பேனாக்களால் துளித்துளியாகக் கையெழுத்திட்டு, அவற்றைப் பலருக்குக் கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங்குக்கும் ஒன்று கிடைத்தது. பேனா கிடைத்ததே, ஓட்டுக் கிடைத்ததா? தென் மாகாணங்களில் தடுத்துக்கொண்டேயிருந்தார்கள். 1965-ல் செல்மா என்னும் ஊரில் மக்கள் அடிபட்டு, ஊர்வலம் நடத்திய பிறகே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

நம் நாட்டிலோ மந்திரியின் பேனாவால் மசோதா சட்டமாவதில்லை. சட்டசபையில் நிறைவேறியபின் கவர்னரோ ஜனாதிபதியோ சம்மதம் தரவேண்டும். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரரான ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்த 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருபது வருஷ காலம் வசவு வாங்கினார்கள். அந்த வசவையெல்லாம் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. கருணாநிதி ஆட்சியில், 1989-ல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதிலும் முன்பே மணமான பெண்களுக்கு இடமில்லை. 2005-ல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் நீக்கிற்று. சரி, உங்கள் ஊரில் எத்தனை பெண்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள்? “உனக்குத்தான் சீர் செய்தோமே” என்று சொல்லி, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அழைத்துப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அறுபது வருஷம் போராடிப் பெற்ற சட்டத்தை ஐந்து ரூபாய்ப் பேனா ஒரு நிமிஷத்தில் அடித்துவிடுகிறது!

ஆதலால் தோழர்களே! தலைவரின் பேனா எங்கே என்று தேடுமுன், உங்கள் சகோதரியின் கையில் திணிக்கப்படும் பேனாவைப் பிடுங்குங்கள். அவள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிய பேனாவை வேண்டுமானால் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டு மட்டும் வைக்காதீர்கள்.