சுகர் கிளைடருக்கு வைத்தியர் எங்கே?



பசு நோயுற்றால் யாரிடம் போகவேண்டும் என்பது நம் தோட்டப்புறங்களில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. கன்று ஈனமுடியாமல் மாடு தவித்தாலும், ஆட்டுக்கு வயிறு ஊதினாலும், நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றவேண்டினும் அரசாங்க மிருக வைத்தியரின் அலுவலகத்தை நாடுகிறோம். ஆனால் உள்ளங்கையில் அடங்கும், நூறு நூற்றைம்பது கிராம் மட்டுமே நிறையுடைய அந்நிய நாட்டுப் பிராணியொன்று வீட்டில் நோயுற்றுக் கிடக்குமாயின் எங்கே போவது? குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றில், நகரத்துக் கடையிலிருந்து மகன் ஆசையோடு வாங்கிவந்த சுகர் கிளைடர் இரண்டனுள் ஒன்று இன்று காலை பின்கால்களை இழுத்து இழுத்து நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்தார் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சுகர் கிளைடரைப் பலரும் அணில் என்றே எண்ணுகின்றனர். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தோல் விரிந்திருத்தலால் அது மரம் விட்டு மரம் மிதந்து செல்லும். சப்பிரகமுவக் காடுகளில் வாழும் நமது பறக்கும் அணிலும் அவ்வாறே செய்தலால், இரண்டும் ஓரினம் என மயங்குவது இயல்பே. உண்மையில் இரண்டுக்கும் உறவில்லை. நம்முடையது கொறிக்கும் பிராணி. ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட சுகர் கிளைடரோ கங்காருவைப் போல வயிற்றில் பையுடையது. தாயின் கருவில் 16 நாளளவே தங்கி, அரிசிமணி போன்று பிறந்து, தானே ஊர்ந்து பைக்குள் புகுந்து, ஏறக்குறைய 70 நாள் அங்கேயே வளர்வது அதன் குட்டி.

இவ்வேற்றுமையை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பையுடைய பிராணிகளின் உடல் இயங்கும் வேகம், அதே பருமனுள்ள பிற பாலூட்டிகளின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. உடற்சூடும் நாய் பூனைகளின் சூட்டினும் குறைவு. ஆகவே எலிக்கு ஏற்ற மருந்தளவை இதற்கு அப்படியே கொடுத்தல் தகாது. நிறையையும் நோக்குங்கள். 120 கிராம் பிராணிக்கு ஒரு மில்லிலீற்றர் மருந்து ஏற்றுவது, 60 கிலோ மனிதருக்கு அரை லீற்றர் ஏற்றுவதற்கு ஒப்பாகும். கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் உயிர் போய்விடும். வீட்டிலுள்ள மாத்திரையைப் பொடித்துத் தேனிற் குழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இங்கே அறவே விட்டுவிடுதல் வேண்டும்.

இனி, தகுதியுள்ளவர் யார்? 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நம் நாட்டில் மிருக வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகின்றனர். பதிவு பெறாதவரிடம், அவர் எத்துணை அன்புடையவராயினும், நோயுற்ற பிராணியை ஒப்படைத்தல் ஆகாது. எனினும் பதிவு என்பது வாயிற்படியே. பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் கறவை மாடுகளோடு பழகியிருக்கலாம். கோழிப்பண்ணைகளிலே பெரும்புகழ் பெற்றிருக்கலாம். யானைக்கன்றுகளைப் பேணுவதில் உலகறிந்த இடம் ஒன்று நம் மாகாணத்தை ஒட்டியே இருக்கிறது. உடவளவையில் 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய யானைக்கன்றுப் பராமரிப்பு நிலையம் அது. ஆனால் யானைக்கன்றுக்குப் பாலூட்டும் கலை வேறு. கட்டைவிரலளவு மார்புக்குள் துடிக்கும் இருதயத்தைச் செவிமடுக்கும் கலை வேறு. இதனைச் சொல்வது எவர் திறமையையும் குறைத்துக் கூறுவதாகாது. கண்ணுக்கு ஒரு வைத்தியரையும் எலும்புக்கு ஒரு வைத்தியரையும் நாம் தேடிச் செல்கிறோம் அல்லவா?

மேலை நாடுகளிலேகூட இத்துறை பழையதன்று. நாய், பூனை அல்லாத சிறு பாலூட்டிகளுக்கான மிருக வைத்தியர் சங்கம் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டளவிலேதான் உருவாயிற்று. ஆதலின், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதினும், தொலைபேசியிற் சில கேள்விகள் கேட்டறிதலே நமக்குப் பயன் தரும். இவ்வினத்தை முன்பு பார்த்ததுண்டா, எத்தனை முறை பார்த்தீர்கள், மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால் ஊசியாலா, நுகரச் செய்தா என்று பணிவாக வினவலாம். நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார்.

இன்னுமொரு சோதனை உண்டு. வயதுவந்த ஆண் கிளைடரின் உச்சந்தலையில் மயிரற்ற வட்டம் ஒன்று காணப்படும். அது மணம் சுரக்கும் இடம், நோயன்று. அதைச் சொறி எனக் கருதிக் களிம்பு பூசச் சொல்பவர், வேறு துறையில் மேதையாயினும், இப்பிராணிக்குப் புதியவர் என்று அறிந்துகொள்ளலாம்.

குருவிட்டப் பகுதியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 90 கிலோமீற்றர். செல்லப்பிராணிகளுக்கான தனியார் வைத்தியசாலைகள் அங்கே பல உள. அவிசாவளை, கேகாலை வழியே சென்றால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அது அரை நாட்பயணம். பின்கால் தளர்ந்த பிராணியை இத்தனை தூரம் கொண்டுசெல்லுமுன் உள்ளூர் மிருக வைத்தியரிடம் காட்டுதலே அறிவுடைமை. அவர் இவ்வினத்தைக் கண்டிராவிடினும், நீர் வற்றிய உடலுக்குத் திரவம் ஏற்றவும், சூடு காக்கவும், பேராதனையிலோ கொழும்பிலோ உள்ள அநுபவசாலியுடன் தொலைபேசியிற் கலந்து மருந்தளவைத் தீர்மானிக்கவும் வல்லவர். அவர் எழுதித் தரும் ஒரு துண்டுக் கடிதம் அடுத்த வைத்தியருக்கு ஒருமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பின்கால் தளர்ச்சி என்றேனே, அதற்குப் பெரும்பாலும் காரணம் உணவு. பெயரிலே சீனி இருத்தலால் வாழைப்பழமும் பப்பாசியும் தேனும் மட்டுமே கொடுத்து வளர்க்கின்றனர். காட்டிலே அது மரப்பாலும் பிசினும் பூந்தேனும் உண்பதோடு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். வெறும் பழத்தில் சுண்ணாம்புச்சத்துப் போதாமையால் எலும்பு மென்மையாகி, முதலிற் பின்கால் நடுங்கும், பிறகு இழுபடும். முதல் நாளிலேயே கவனித்தால் சுண்ணாம்புச்சத்து ஏற்றி, ஏறி விழாதபடி சிறு கூட்டில் ஓய்வுகொடுத்து, உணவைத் திருத்திப் பலவற்றைக் காப்பாற்ற இயலும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றால் காலம் கடந்துவிடும். விழுந்து முதுகெலும்பு முறிந்தாலும் இதே தோற்றமே உண்டாகும். வேறுபாட்டை எக்ஸ்றே படமே காட்டும்.

குளிரிலும் பசியிலும் இப்பிராணி சில மணிநேரம் விறைத்துக் கிடப்பதுண்டு. ஆனால் குருவிட்டப் பகுதியின் வெதுவெதுப்பில் அவ்வாறு கிடந்தால் குளிரின்மேற் பழிபோடலாகாது, நோயென்றே கொள்ளுங்கள்.

கொண்டுசெல்லும்போது மெல்லிய துணிப்பையில் இட்டு, அப்பையைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, அருகே துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றை வையுங்கள். தின்ற உணவின் பட்டியலும் எச்சத்திற் சிறிதும் உடன்செல்லட்டும். கிளைடர் கூட்டமாக வாழும் இனம். தனிமையிற் சோர்ந்து தன் உடலைத் தானே கடித்துக்கொள்வதுமுண்டு. ஆதலால் நோயில்லாத துணையையும் கூடவே கொண்டுபோய்ச் சோதிப்பித்தல் நன்று. இரண்டும் ஒரே உணவையே உண்டன. ஒன்றைப் பற்றியது மற்றதன் எலும்பிலும் மறைந்திருக்கக்கூடும்.

ஒருகால் நோயுற்றது இறந்துபடின், உடனே புதைத்துவிடாமல், குளிர்சாதனப் பெட்டியின் உறையாத தட்டில் பொதிந்து வைத்து, பிரேதப் பரிசோதனைக்கு வழியுண்டா என்று வைத்தியரைக் கேளுங்கள். உறைந்துபோன உடலிற் பல அடையாளங்கள் அழிந்துவிடும். அப்பரிசோதனையின் முடிவைக் கொண்டுதான் மற்றதற்கு என்ன மருந்து, என்ன உணவு என்பதை அவர் சொல்லமுடியும்.