ஓரத்து வயலின் நடுமேடைக்கு வந்த கதை

1947 ஜூலை 19ஆம் நாள் சுவாமி விபுலாநந்தர் மறைந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 23 அன்று, சென்னையில் வயலின் ஆசிரியர் வி. லட்சுமிநாராயணரின் வீட்டில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் திருகோணமலையில் நின்றுகொண்டு எல். சுப்பிரமணியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தேதிகளை அடுத்தடுத்துச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. விபுலாநந்தர் 1920களில் இந்த ஊர் இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியவர். பிறகு பழைய நூல்களைத் துருவித் துருவி, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்தவர். அவருடைய யாழ் நூல் அரங்கேறியதும் அதே 1947 ஜூனில், திருக்கொள்ளம்பூதூரில். நரம்பிசைக்காக உழைத்த அந்த மனிதர் கண்மூடிய வாரத்தில் பிறந்த பிள்ளை, பின்னாளில் இந்தத் தீவில்தான் வில் பிடிக்கப் பழகியது.

லட்சுமிநாராயணர் 1911இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பிக்க வந்தார். குடும்பமும் கூடவே வந்தது. மனைவி சீதாலட்சுமி பாடுவார், வீணையும் வாசிப்பார். மூத்தவர் வைத்தியநாதன், அடுத்தவர் சுப்பிரமணியம், இளையவர் சங்கர் என மூன்று ஆண்பிள்ளைகளும் வயலினைத் தகப்பனிடமே கற்றார்கள். கோயில் திருவிழாவென்றால் விடிய விடிய நாகசுரமும் தவிலும் ஒலித்த யாழ்ப்பாணம் அது. தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்கச் சனம் வண்டி கட்டிப் போன காலம். அப்படிப்பட்ட ஊரில் வயலினுக்கு மேடையில் இருந்த இடம் சிறியது. பாடகர் நடுவில் அமர்வார். வயலின்காரர் பக்கத்தில், ஓரமாக. பாடகர் ஒரு சங்கதி போட்டால், அதை அரை மூச்சு பிந்தித் தொட்டுக் காட்ட வேண்டும். ஆலாபனையில் அவர் விட்ட இடைவெளிக்குள் தன் பங்கை வாசித்து முடித்துவிட வேண்டும். கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் 'அடக்கமில்லை' என்பார்கள்.

விதிவிலக்குகள் இருந்தன. துவாரம் வேங்கடசுவாமி நாயுடு 1938இல் வேலூரில் தனி வயலின் கச்சேரி செய்தார். மைசூர் சௌடையா தம் வயலினில் ஏழு தந்திகள் பூட்டினார், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் நாதம் கேட்கட்டும் என்று. லட்சுமிநாராயணர் கேட்டது இவற்றுக்கும் மேலே. மேற்கே ஒரு வயலின்காரர் எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கு முன்னால் தனித்து நிற்கிறார். நம் வயலினும் அப்படித் தலைமை தாங்கத்தக்க வாத்தியமாக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையை அவர் மேடையில் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை. மூன்று பிள்ளைகளின் விரல்களில் ஏற்றி வைத்தார். சுப்பிரமணியம் ஆறு வயதில் மேடையேறிவிட்டார்.

வயலின் நமக்குக் கடல் வழியாக வந்தது என்பதைத் துறைமுகத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுவைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி இதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்த வயலின் யானைத் தந்தத்தில் செய்தது. நம் பக்கத்தில் இன்னொரு கிளையும் உண்டு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு இசையை நடத்திச் செல்வது இதே வயலின்தான். கோணேசர் கோயிலை இடித்த கூட்டத்தின் வழியில் வந்த வாத்தியம் என்று ஒருவர் கோபப்படலாம். ஆனால் அந்தப் பறங்கி வீடுகள் பல தலைமுறையாக இந்த ஊரின் வீடுகள். அவர்களுடைய வயலினும் இந்த ஊரின் வயலின். நம் இசை விழாக்களில் அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒரே மரப்பெட்டி, ஒரே நான்கு தந்தி. பிடிக்கும் விதத்தில்தான் எல்லாம் மாறுகிறது. மேற்கத்தியர் நின்றபடியோ நாற்காலியில் இருந்தபடியோ தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். நம்மவர் சம்மணம் போட்டு அமர்ந்து, வயலினின் ஒரு முனையை மார்போடு சாய்த்து, சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றுவார். பாரம் காலில் இறங்கிவிடுவதால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. கை தந்தியின் மேலும் கீழும் தடையின்றி ஓடும். ஒரே விரல் வழுக்கிப் போய்க் கமகத்தை எழுப்பும். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடியே இல்லை. அந்த அசைவுக்கு இந்த உட்காருகை வேண்டும். சுருதி கூட்டுவதும் வேறு: மேற்கில் நான்கு தந்திக்கும் நான்கு வேறு சுரம், நமக்கோ சட்ஜம் பஞ்சமம், மறுபடி சட்ஜம் பஞ்சமம். சுப்பிரமணியம் உலகத்தின் பெரிய வாத்தியக் குழுக்களோடு வாசித்தபோதும் இந்த உட்காருகையை விடவில்லை. கோட்டு அணிந்த கலைஞர்கள் சூழ நாற்காலிகளில் இருக்க, நடுவில் ஒரு சிறு மேடையில் பட்டு உடுத்துச் சம்மணமிட்டு அவர் அமர்ந்திருக்கும் படங்கள் பல. வில்லைக் கையாளும் வேகத்தில் மேற்கின் நுட்பங்களை வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டார். காலில் ஊன்றிய வயலினை மட்டும் தோளுக்கு ஏற்றவில்லை.

1958இல் கலவரம் மூண்டது. குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னை போய்ச் சேர்ந்தது. சுப்பிரமணியத்துக்கு அப்போது பதினொரு வயது நிறையவில்லை.

சென்னையில் அவர் செய்தது பலரை வியக்க வைக்கும்: சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எம்.பி.பி.எஸ். முடித்தார், மருத்துவராகப் பதிவும் செய்துகொண்டார். அந்த ஆண்டுகளிலும் வில் கையைவிட்டு இறங்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தோடு மேடையைப் பகிர்ந்தார். அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து வாசித்த கச்சேரிகளும் நடந்தன. தனி வயலினுக்காக வளர்க்கப்பட்டவர் ஓரத்து இருக்கையிலும் பணிவோடு அமர்ந்து பழகினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. செம்பையின் குரலைத் தொடர்ந்துபோன காதுதான் பின்னாளில் ஜாஸ் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு 'கான்வர்சேஷன்ஸ்' இசைத்தட்டில் உரையாடியது.

பிறகு மருத்துவத்தை விட்டு அமெரிக்கா. கலிஃபோர்னியா கலைக் கல்வி நிறுவனத்தில் மேற்கத்திய இசையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1974இல் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுபோன இந்திய இசைக் குழுவில் அவர் வயலின் இருந்தது. 1985இல் நியூயார்க் பில்ஹார்மோனிக், சுபின் மேத்தா நடத்த, அவருடைய 'ஃபேன்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்' என்ற படைப்பை அவரோடு சேர்ந்து வாசித்தது. அந்த மேடையை நினைக்கும்போது இரண்டு தகப்பன்மார் கண்முன் வருகிறார்கள். சுபினின் தந்தை மெஹ்லி மேத்தாவும் வயலின்காரர். 1935இல் பம்பாயில் ஒரு சிம்பனிக் குழுவையே தோற்றுவித்தவர். வீட்டில் பிள்ளைக்கு இசை ஊட்டிய அந்தத் தகப்பன்மாரின் மக்கள் இருவரும் ஒரே மேடையில், ஒருவர் கோலோடு, ஒருவர் வில்லோடு.

வாத்தியக் குழுவுக்கு எழுதுவது சுலபமான வேலையில்லை. அந்தக் குழுவினர் தாளில் இருப்பதை வாசிப்பவர்கள்; கமகமோ தாளில் அடங்காது. அதனால் குழுவுக்கு உறுதியாக நிற்கும் சுரங்களைக் கொடுத்து, தனக்கு மனோதர்மத்துக்கு வெளி வைத்துக்கொள்வது அவர் கண்ட வழி. அந்த வெளி அகலமாக உள்ள படைப்புகளே அவருடைய சிறந்தவை. சில ஜாஸ்-ராக் பதிவுகளில் டிரம்ஸ் நெருக்கி ராகத்துக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. அவற்றை அதே தட்டில் வைக்க முடியாது.

மீரா நாயரின் 'சலாம் பாம்பே' (1988), 'மிசிசிப்பி மசாலா' (1991) படங்களின் இசை அவருடையது. பத்மஸ்ரீ 1988இல், பத்மபூஷண் 2001இல், பத்மவிபூஷண் 2025இல். யெஹூதி மெனுஹினோடும் ஹெர்பி ஹான்காக்கோடும் வாசித்தவருக்கு இவை இயல்பாகவே வந்து சேர்ந்தன. அண்ணன் வைத்தியநாதனை நம்மவர் 'ஏழாவது மனிதன்', 'பேசும் படம்' ஆகியவற்றால் அறிவார்கள். அவர் 2007இல் காலமானார். தம்பி சங்கர் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தார்; பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினையும் உருவாக்கினார்.

ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர். இதைச் சொல்லும்போது, 'கலவரம் நடந்து போனதால்தானே உலகப்புகழ் வந்தது' என்று ஆறுதல் சொல்வாரும் உண்டு. அந்தப் பேச்சை ஏற்கவே முடியாது. பிள்ளைகளின் கையில் வில்லை வைத்தவர் லட்சுமிநாராயணர். அது நடந்தது கலவரத்துக்கு முன்னால். 1958 இந்தத் தீவிலிருந்து பறித்தது வருங்காலப் பிரபலங்களை மட்டுமில்லை, நாற்பதுகளின் நடுவில் நின்ற ஓர் ஆசிரியரையும் பறித்தது. அவர் 1990 வரை வாழ்ந்தார். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவரிடம் உட்கார்ந்திருக்கக்கூடிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், வன்னிப் பிள்ளைகள், நம் திருகோணமலைப் பிள்ளைகள் எத்தனை பேர்?

தகப்பன் நினைவாகச் சுப்பிரமணியம் 1992இல் தொடங்கிய லட்சுமிநாராயணா உலக இசை விழா பல நாடுகளில் நடக்கிறது. 2007இல் பெங்களூரில் ஓர் இசைப்பள்ளியும் வந்தது. மகன் அம்பி இன்று அதே வயலினோடு மேடையில் இருக்கிறார். இங்கே நம் பிள்ளைகள் சாதாரணதரத்தில் சங்கீதம் எடுக்கிறார்கள், வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளும் எழுதுகிறார்கள். தேர்வு முடிந்ததும் வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடுகிறது. வாரம் ஒருமுறை, நாற்பது நிமிட வகுப்பில் வில் நேராக இழுபடாது. லட்சுமிநாராயணர் வீட்டில் பாடம் நாளுக்கு நாள் நடந்தது, தகப்பனின் கண் பிள்ளையின் மணிக்கட்டில் இருந்தது. அறக்கட்டளைகளுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கையாவது விழாப் பந்தலுக்குச் செலவிடாமல், ஒரு முழுநேர வயலின் ஆசிரியரை இந்த ஊரில் குடியமர்த்திச் சம்பளம் கொடுக்கப் பயன்படுத்தலாம். அவரிடம் பத்துப் பிள்ளைகள் தினமும் பின்னேரம் வரட்டும். அதில் இருவராவது பறங்கித் தெருவிலிருந்து வரட்டும்.