தந்தியின் ஆயுள்

இசைக்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மரத்தின் சிறப்பையே முதலில் எடுத்துரைப்பர். வீணைக்குப் பலா என்றும், கிற்றாரின் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் என்றும் சொல்லி வியப்பர். அடுத்து வாசிப்பவரின் விரல்வன்மையைப் பாராட்டுவர். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே நின்று, விரலின் அசைவை மரத்துக்கு எடுத்துச் சொல்வது தந்தி. அத்தந்தியைப் பற்றிய பேச்சு, அது அறுந்துபோன பின்னரே எழுகின்றது.

நன்கு பேணப்பட்ட கிற்றாரின் மரம் நூறாண்டு கடந்தும் இனிமையாக ஒலிக்கும். அதன்மேல் ஏற்றிய உருக்குத் தந்தியோ, நாள்தோறும் வாசிப்பவரிடத்தில் சில வாரங்களிலும், இடையிடையே வாசிப்பவரிடத்தில் சில மாதங்களிலும் தளர்ந்துவிடும். ஆதலின் கிற்றார் வைத்திருப்போர் அனைவருக்கும் தந்தி மாற்றுதல் தவிர்க்கவொண்ணாத வேலையாகும். அதனைத் தொல்லை என்று தள்ளிப்போடுவோரே மிகப் பலர். அவ்வாறு தள்ளிப்போடுவதால் கருவி மட்டும் கெடுவதில்லை. அதனைக் கொண்டு கற்பவரின் செவியும் ஊக்கமும் சேர்ந்தே கெடுகின்றன. அஃது எவ்வாறு என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

கிற்றாருக்குத் தந்தி ஆறு. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ எனச் சுருதி கூட்டுவது வழக்கம். தடித்த ஈ ஒரு வினாடியில் ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய ஈ ஏறத்தாழ 330 முறையும் அதிரும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இரண்டு ஸ்தாயி வேறுபாடு. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பிரான்சு தேசத்துத் துறவியாகிய மரென் மெர்சென் என்பவர் 1636ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைநூலில் இதற்கான விதிகளை வகுத்துரைத்தார். தந்தியின் நீளம் குறைந்தால் சுருதி உயரும்; இழுவிசை கூடினால் உயரும்; தந்தியின் கனம் கூடினால் தாழும். கிற்றாரின் தந்திகள் ஆறும் ஏறக்குறைய 65 சதமமீற்றர் என்னும் ஒரே நீளம் உடையவை. அவற்றின் இழுவிசையும் பெரிதும் வேறுபடுவதில்லை. எனவே சுருதி வேறுபாட்டுக்குக் கனமே முதற் காரணமாகின்றது.

தாழ்ந்த சுருதிக்குக் கனத்த தந்தி வேண்டும் என்று ஒரே கம்பியைத் தடிப்பாக்கினால், அது கோல்போல் விறைத்து மந்தமாக ஒலிக்கும். இதற்குக் கண்ட உபாயம், மெல்லிய கம்பியொன்றை நடுவில் வைத்து, அதன்மேல் செம்பு கலந்த நுண்கம்பியை நெருக்கமாகச் சுற்றுவதாகும். கனமும் கிடைக்கின்றது, வளையும் தன்மையும் கெடுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வழக்குக்கு வந்த இம்முறையே இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் அச்சுற்றுகளின் இடுக்கே தந்தியின் நோய்க்கும் இருப்பிடமாகின்றது. விரலின் வியர்வை, எண்ணெய்ப்பசை, தூசி, உதிர்ந்த தோல் யாவும் அங்கே படிகின்றன. மெல்லிய தந்திகளை வியர்வையின் உப்பும் கடற்கரைக் காற்றின் உப்பும் துருப்பிடிக்கச் செய்கின்றன. இவற்றோடு, மெட்டுகளின்மேல் இடைவிடாது அழுந்துவதால் தந்தியின் அடிப்புறத்தில் சிறு பள்ளங்களும் உண்டாகின்றன.

இவ்வாறு கெட்ட தந்தி இருவகையாகக் குற்றப்படும். முதலாவது, ஒலியின் ஒளி மங்கும். ஒரு சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களை இடுக்கில் படிந்த அழுக்கு அடக்கிவிடுவதே அதற்குக் காரணம். இரண்டாவது குற்றம் முதலாவதினும் கொடியது. தந்தியின் கனம் இடத்துக்கிடம் வேறுபட்டுவிடுவதால், திறந்த நிலையில் சுருதி சரியாக நின்றாலும், மெட்டில் அழுத்தும்போது சுரம் பிறழும். திறந்த தந்தி மெய் சொல்ல, அழுத்திய தந்தி பொய் சொல்லும்.

இதனைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் அமைந்தது. அம்மெட்டுக்கு நேர்மேலே விரலை அழுத்தாது மெல்லத் தொட்டு மீட்டினால் மணியோசை போன்ற ஒலி எழும். பின்னர் அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் சுரம், முன்னைய ஒலியோடு ஒத்திருத்தல் வேண்டும். செவ்வையாக இருந்த கருவியில் இவ்விரண்டும் ஒவ்வாது போகத் தொடங்கினால், தந்தியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

கேடு ஒரே நாளில் நேர்வதாயின் எவரும் உணர்ந்துவிடுவர். அது நாளுக்குச் சிறிதாக நேர்வதனால் செவி அதற்குப் பழகிப்போகின்றது. அனுபவமுள்ள வாசிப்பாளருக்காவது புதுத்தந்தியின் ஒலி நினைவில் இருக்கும். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. பாடசாலையின் சுவரிலும், தேவாலயப் பாடகர் குழுவின் அறையிலும் பல்லாண்டு தொங்கிய கிற்றாரை எடுத்து அப்பிள்ளையின் கையில் கொடுக்கின்றனர். துருவேறிய தந்தி விரல்நுனியை அறுக்கின்றது. எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் சுரங்கள் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. பிள்ளை தந்தியைக் குறை கூறாது. தன் விரலையும் தன் செவியையுமே குறை கூறும். இசைஞானம் தனக்கு வாய்க்கவில்லை என்று முடிவுசெய்து கருவியைக் கீழே வைத்துவிடும். கற்பிப்பவரும் சில வேளை அம்முடிவுக்கு உடன்படுவர். தந்தியின் குற்றம் இவ்வாறு பிள்ளையின் தலையில் ஏறுகின்றது.

தமிழ் மரபு இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தது. பழந்தமிழர் யாழின் தந்தியை நரம்பு என்றனர். அதில் எழும் சுரத்தையும் நரம்பு என்றே வழங்கினர். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்களை நான்காக வகுத்தனர். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஆராய்ந்து குற்றமுடையவற்றை விலக்கிய பின்னரே வாசிக்கத் தொடங்குகின்றான். வல்லவனாகிய சீவகனே கருவியைச் சோதிப்பானாயின், நேற்றுக் கற்கத் தொடங்கிய சிறுவனுக்குச் சோதித்த கருவியைக் கொடுப்பது பெரியோர் கடன் அன்றோ?

மேல்நாட்டிலும் முற்காலத்துத் தந்திகள் ஆட்டுக்குடலைப் பதப்படுத்தித் திரித்தவையே. ஈரக்காற்றில் அவை நெகிழ்ந்தும் அறுந்தும் போயின. 1676இல் லூற் என்னும் நரம்புக் கருவியைப் பற்றி நூலெழுதிய இங்கிலாந்தின் தோமஸ் மேஸ், பகற்பொழுதில் அக்கருவியைப் படுக்கையின் போர்வைக்குள் வைத்துக் காக்கலாம் என்று அறிவுரை கூறினார். தந்தியைக் காக்க அவ்வளவு பாடு! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், புண் தைக்கும் இழைக்குக் குடல் தேவைப்பட்டமையால் இசைக்கருவிகளுக்கு அது கிடைத்தல் அரிதாயிற்று. அக்காலத்தில் நியூ யோர்க் நகரில் அல்பேட் ஓகஸ்தீன் என்னும் கருவி வினைஞர், ஸ்பானியக் கலைஞர் அந்திரே செகோவியாவின் ஊக்குவிப்போடு நைலோன் இழையில் தந்தி செய்யும் முறையை உருவாக்கினார். அதன் பின்னர்க் குடல்நரம்பின் இடத்தை நைலோன் பிடித்துக்கொண்டது.

இன்று வழங்கும் கிற்றார்கள் இருவகைப்படும். ஒன்று நைலோன் தந்திக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தொரேஸ் செம்மைப்படுத்திய வடிவத்தை இது பின்பற்றுகின்றது. மேற்பலகையின் உட்புறத்தே மெல்லிய சட்டங்கள் விசிறிபோல் பொருத்தப்பட்டிருக்கும். மற்றது உருக்குத் தந்திக்கு உரியது. இது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் பெருவழக்காயிற்று. உட்சட்டங்கள் தடித்துக் குறுக்குநெடுக்காக அமைந்திருக்கும். இலங்கையின் பைலா இசையில் பெரும்பாலும் கேட்பது இவ்வுருக்குத் தந்தியின் ஒலியே.

இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாது தந்தி வாங்குவோர் கருவியையே இழக்க நேரும். நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் விசையோடு மேற்பலகையை இழுக்கின்றன. நடுத்தரமான உருக்குத் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை, இரவும் பகலும் அப்பலகையில் தொங்குவதாக எண்ணிப் பார்க்கலாம். நைலோனுக்கென அமைந்த கிற்றாரில் உருக்குத் தந்தியை ஏற்றினால், சில காலத்தில் பலகை புடைக்கும், கழுத்து வளையும், குதிரை பெயர்ந்து வரும். உருக்கு நைலோனினும் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணத்தினால் இவ்வாறு பாழான கிற்றார்கள் பல. ஆகவே முதல் விதி, எந்தக் கருவிக்கு எந்தத் தந்தி என்பதை அறிதல். தந்திகளின் நுனி குதிரையில் முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் நைலோனுக்கு உரியது. சிறு முளைகளால் இறுக்கப்பட்டிருந்தால் உருக்குக்கு உரியது.

இனி மாற்றும் முறை. இழுத்து நிற்கும் தந்தியை ஒருபோதும் வெட்டலாகாது. அது துள்ளிக் கண்ணைத் தாக்கக்கூடும். முறுக்காணியைத் திருப்பி முற்றும் தளர்த்திய பின்னரே கழற்றல் வேண்டும். உருக்குத் தந்திக் கிற்றாரில் முளை இறுகியிருந்தால் குறடு கொண்டு பிடுங்குவது கூடாது. ஒலித்துளையின் ஊடாகக் கையைவிட்டு, உள்ளிருந்து ஒரு நாணயத்தால் மேல்நோக்கித் தள்ளினால் எளிதில் எழும். தந்திகள் இல்லாத அவ்வேளையே மெட்டுகளுக்கு இடையில் படிந்த அழுக்கை மெல்லிய துணியால் துடைப்பதற்கு ஏற்றது. குதிரை பலகையில் ஒட்டப்படாது தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் கிற்றார்களும் உள. அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகவே தந்தியை மாற்றுதல் வேண்டும்.

புதுத்தந்தியின் நுனியிலுள்ள சிறு குண்டைத் துளைக்குள் இட்டு, முளையின் பள்ளம் தந்தியை நோக்குமாறு பொருத்தி, முளையை அழுத்தியபடியே தந்தியை மேலே இழுத்தல் வேண்டும். அப்போது குண்டு பலகையின் அடிப்புறத்தில் நன்கு பொருந்தும். அது முளையின் நுனியில் தங்கிவிட்டால், சுருதி ஏற ஏற முளை வெளியே தெறிக்கும். மறுமுனையை முறுக்காணித் தண்டின் துளையிற் செலுத்தி, இரண்டு அல்லது மூன்று சுற்று வருமளவு தளர்வு விட்டு, ஒரு சுற்றின்கீழ் மறுசுற்று ஒழுங்காக அமையுமாறு திருப்புதல் வேண்டும். சுற்று மிகுந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் சுருதி நிலைக்காது. நைலோன் தந்தி வழுக்கும் இயல்பினது. குதிரையில் அதனைத் தன்மேலேயே சுற்றி, நுனி குதிரையின் பின்விளிம்புக்கு அப்பால் அகப்படுமாறு கட்டாவிடின், மெல்லிய தந்தி உருவிக்கொண்டு மேற்பலகையில் வடுப்படுத்தும்.

சுருதி ஏற்றுகையில் பொறுமை வேண்டும். சுருதியை ஒரு ஸ்தாயி உயர்த்துவதற்கு இழுவிசை நான்கு மடங்காக வேண்டும் என்பது மெர்சென் கண்ட விதியின் பயன். ஆதலின், சரியான சுரத்தைக் கடந்து போனதை அறியாமல் முறுக்குபவரின் கையில் தந்தி அறுவது இயல்பே. வினாடிக்கு 440 முறை அதிரும் இசைக்கவை ஒன்று இருந்தால், மெல்லிய தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி அதனோடு ஒப்பிடலாம். கைத்தொலைபேசியிலேயே சுருதி காட்டும் செயலிகள் இன்று உண்டு. எனினும் கருவி காட்டும் முள்ளை மட்டும் நம்பாது, செவியாலும் ஒப்பிட்டுப் பழகுவதே கற்பவருக்கு நலம் தரும். எஞ்சிய நுனிகளைச் சுருதி நின்ற பின்னரே வெட்டுதல் வேண்டும். வெட்டிய துண்டுகளை உடனே பொறுக்கி அகற்றுதல் வேண்டும்.

புதுத்தந்தி உடனே அடங்காது. உருக்கு ஓரிரு நாளில் நிலைகொள்ளும். நைலோன் பல நாள் நெகிழ்ந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு தந்தியையும் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு, மீண்டும் மீண்டும் சுருதி கூட்டினால் அக்காலம் குறையும். வாசிக்குமுன் கை கழுவுதலும், வாசித்த பின் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்தலும் அதன் ஆயுளை நீட்டும். மெல்லிய படலம் பூசிய தந்திகளும் இன்று கிடைக்கின்றன. அவை கூடிய காலம் உழைக்கும், விலையும் கூடும். பழைய தந்தியைக் கொதிநீரில் இட்டு அழுக்கு நீக்குவோரும் உண்டு. அது சில நாளைக்கே உதவும். மெட்டில் தேய்ந்த பள்ளத்தை வெந்நீர் நிரப்பாது.

தந்தியின் விலை கிற்றாரின் விலையோடு ஒப்பிடுகையிற் சிறிது. மாற்றுவதற்கு வேண்டிய நேரமும், பழகிய கைக்கு, ஒரு பாடவேளையைத் தாண்டாது. பாடசாலைகளிலே இசை கற்பிப்போர் தவணைக்கு ஒருமுறை இவ்வேலையை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். தந்தியைத் தன் கையால் ஏற்றிச் சுருதி கூட்டிய பிள்ளை, சுரம் எதனால் உயர்கின்றது, எதனால் தாழ்கின்றது என்பதைப் புத்தகமின்றியே அறிந்துகொள்ளும். அதனினும் மேலாக, ஒலி பிறழும்போது பிழை தந்தியிலா, தன் விரலிலா என்று பிரித்தறியும் ஆற்றலைப் பெறும். அவ்வாற்றல் பெற்ற பிள்ளை கருவியை எளிதில் கீழே வைக்காது.