வாக்குறுதியும் கணக்கும்



பெருங் கம்பெனிகள் இலாபம் ஈட்டுவதோடு நில்லாமல், நீரையும் காற்றையும் காக்கக் கடமைப்பட்டவை. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி இக்கடமையை எவ்வாறு ஆற்றுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தான் வெளியிடுவதைக் காட்டிலும் மிகுதியான கரியமில வாயுவை 2030-க்குள் அகற்றும் நிலையை எய்துவதாக அக்கம்பெனி 2020-இல் உறுதி கூறியது. 1975-இல் தோன்றிய நாள் முதல் நேரடியாகவும், வாங்கிய மின்சாரத்தின் வாயிலாகவும் வெளியிட்டது அனைத்தையும் 2050-க்குள் அகற்றுவதாகவும் கூறியது. அதற்கு முன்னரே, 2012 முதல், தன் பிரிவுகளிடமே கரியமில வாயுவுக்கெனக் கட்டணம் வசூலித்து வந்தது.

ஆயினும் பலன் என்ன? 2023-ஆம் ஆண்டின் வெளியீடு 2020-ஐ விட ஏறத்தாழ 29 சதவீதம் உயர்ந்துவிட்டதென்று அதன் அறிக்கையே கூறுகிறது. அதன் சொந்த வெளியீடு சற்றுக் குறைந்தது. ஆனால் புதிய கணினி நிலையங்களுக்கான இரும்பு, சிமெண்ட், கருவிகள் ஆகியவற்றைச் செய்யும் பிறர் ஆலைகளின் புகை பெருகியது.

குறையை மறைக்காது அச்சிட்டமை போற்றத்தக்கதே. ஆனால் குறையைக் களைந்தாலன்றிக் கடமை நிறைவேறாது. நம் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படுகிறது அன்றோ? அவ்வாறே, நம் ஊருக்கு உதவ முன்வரும் எக்கம்பெனியிடமும், கொடுத்த தொகையை மட்டுமன்றி, எடுத்த தண்ணீரின் கணக்கையும் விட்ட புகையின் கணக்கையும் நாம் கேட்டறிவோமாக!